ஆசைக்கு ஒரு பார்சல்

இரும்புச் சட்டியில் இரும்புக் கரண்டி மோதும் சத்தம். டங், டங், டடங். கும்மிடிப்பூண்டி பைபாஸ் ஓரத்தில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். சத்தத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு வாசனை வந்தது. கொழுப்பு உருகி, அதில் பூண்டு சிவந்து, அதன் தலையில் கறுப்புச் சாறு விழுந்து புகைகிற வாசனை. திரும்பினேன். தள்ளுவண்டி. சிவப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. முட்டை, சிக்கன் என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்து, கடைசி வரியில் கொஞ்சமும் கூச்சமில்லாமல் ‘போர்க் நூடுல்ஸ், பார்சல் உண்டு’ என்று எழுதியிருந்தது. கம்பெனி அட்டை கழுத்தில் தொங்கும் பையன்கள், பிள்ளையை இடுப்பில் வைத்த பெண்கள், நெற்றி நிறைய விபூதி பூசிய ஒரு பெரியவர். அவர் கையிலும் ஒரு பார்சல். ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்தபடி போகிறார்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அடிவயிற்றிலிருந்து கோபம்தான் வந்தது. இதே ஊர்தானே? இதே ரயில்வே கேட், இதே ஆலைச் சங்கு, இதே புழுதிதானே? இதைத் தன் அடுப்பில் செய்து, தன் வீட்டில், தன் கதவைத் திறந்துவைத்துத் தின்றாள் என்பதற்காக ஒரு பெண்ணை மூட்டை கட்டச் சொன்ன ஊர், இன்றைக்கு வரிசையில் நின்று, ‘அண்ணே, காரம் கொஞ்சம் தூக்கலா’ என்று கேட்கிறது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது? என் பஸ் வந்து, நின்று, போனது. நான் ஏறவில்லை.

எழுபதுகளின் நடுவில் என்னைக் கல்யாணம் செய்து இந்த ஊருக்குக் கொண்டுவந்தார்கள். தொழிற்பேட்டை அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. நெல் விளைந்த நிலத்தில் கம்பி வேலி, வேலிக்குள் தகரக் கூரை, கூரைக்கு மேல் புகை. தன் நிலத்தில் பாதியைப் பேட்டைக்குக் கொடுத்த விவசாயி ஒருவர், மீதியின் ஓரத்தில் ரயில்பெட்டி மாதிரி வரிசையாக வீடுகள் கட்டி ஆலைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். லைன் வீடு. அவரை எல்லோரும் ஊட்டுக்காரர் என்போம், அவர் மனைவியை ஊட்டுக்காரம்மா. என் கணவருக்கு இரும்பு உருட்டும் மில்லில் வேலை. அடுத்த வீட்டு அண்ணன் அதே மில்லில் வெல்டர். அந்த அண்ணனின் மனைவிதான் அக்கா.

தெரு அவளைப் பர்மாக்காரி என்றது. அவள் அப்பா பழவேற்காட்டுப் பக்கத்து மனிதர், ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனவர். அவள் பிறந்தது அங்கே. அறுபதுகளில் பர்மா அரசு நம்மவர்களையெல்லாம் கப்பலேற்றி அனுப்பியபோது வந்தவள். முகாம், ஓலைக் குடிசை, வேறொரு குடிசை என்று வருடக்கணக்கில் ஒழுகி ஒழுகி, கடைசியில் இந்த லைன் வீட்டின் சிமெண்டுத் தரைக்கு வந்து சேர்ந்திருந்தாள். அந்தத் தரையை அவள் துடைப்பதைப் பார்க்க வேண்டும். குழந்தையின் முதுகைத் தேய்த்துவிடுகிற மாதிரி துடைப்பாள். ‘மழ பேஞ்சா உள்ளாற சத்தம் மட்டுந்தான் வருது தங்கச்சி, தண்ணி வர்ல’ என்று முதல் ஐப்பசியில் அதிசயமாகச் சொன்னாள். கதவில் நல்ல கனமான தாழ்ப்பாள் இருந்தது. அதையும் துடைப்பாள். ஆனால் பகலில் ஒரு நாளும் போட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கவ்சுவே. அப்படித்தான் அவள் சொல்வாள். நூடுல்ஸ் என்ற பேர் எங்களுக்கெல்லாம் பின்னால்தான் தெரிந்தது. மைதாவில் முட்டை உடைத்து ஊற்றி, அப்பளக்காரம் கரைத்த தண்ணீரைத் தெளித்துப் பிசைவாள். ரங்கூனில் சீனாக்காரன் ஏதோ சாம்பல் தண்ணீர் சேர்ப்பானாம். அது இங்கே கிடைக்காமல், பொன்னேரி மளிகைக் கடையில் பொட்டலம் பொட்டலமாக முகர்ந்து பார்த்து, கடைக்காரனிடம் திட்டு வாங்கி, அப்பளக்காரத்தில் வந்து நின்றாள். மாவு மஞ்சளடித்து ரப்பராக இழுபடும். ஈரத்துணி போட்டு மூடி வைத்து, பொதட்டூர்பேட்டையில் என் அம்மா வீட்டுத் தறியில் கழித்துப்போட்டு, நான் கொண்டுவந்து கொடுத்த உருளைக் கட்டையால் தேய்த்து, மடித்து, அரிவாள்மனையைத் தொடாமல் கத்தியால் அறுப்பாள். உதறினால் நூல் நூலாகக் கொட்டும். கொதிநீரில் ஒரு முழுக்கு, பச்சைத் தண்ணீரில் ஒரு முழுக்கு.

கறியை விடியற்காலையிலேயே வாங்கி வந்துவிடுவாள். சோழவரம் பக்கத்தில் ஒரு அரிசி மில்லின் பின்னால் தவிட்டிலேயே வளர்ந்த பன்றி. பூண்டு, அன்னாசிப்பூ, வெல்லம், மெட்ராஸில் பீச் ஸ்டேஷனுக்கு எதிரே கடைபோட்ட பர்மாக்காரர்களிடம் வாங்கிய கறுப்பு சோயாச் சாறு. இவற்றில் கறியை ஊறவைத்து வேகவைத்து, அப்புறம் கம்பியில் கோத்து மரத்தூள் அடுப்பின் வாயில் காட்டுவாள். கொழுப்பு சொட்டும். சொட்டுகிற இடத்தில் சின்னச் சின்னதாகத் தீ குதிக்கும். கறி மேலே கருஞ்சிவப்பாக மினுங்கும். வெற்றிலை அளவுக்கு மெல்லிசாக அறுத்து, முட்டைக்கோஸும் வெங்காயத்தாளும் போட்டு, சட்டியைத் தூக்கித் தூக்கிக் குலுக்குவாள். டங், டங், டடங். லைன் வீடு முழுக்க மூக்குகள் திரும்பும்.

எல்லாம் முடிந்தும் தின்ன விட மாட்டாள். அதுதான் வேடிக்கை. மந்தாரை இலையில் வைத்து மடித்து, நூல் சுற்றி, பார்சல் கட்டுவாள். அதை அண்ணன் கையில் கொடுப்பாள். அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு பார்சலோடு ரயில்வே கேட் வரை நடந்துபோய்த் திரும்பி வருவார். வெயிலோ தூறலோ, போவார்.

“இது இன்னாக்கா கூத்து? ஆக்கின சோத்த ஊர்கோலம் வுடறீங்களே” என்று கேட்டேன்.

“ரங்கூன்ல நாங்க சீனாக்காரன் கடையில குந்தித் துன்னதே இல்ல தங்கச்சி. எங்கப்பா வேல வுட்டு வரசொல்லோ பார்சல் கட்டிக்கினு வருவாரு. ஊடு வந்து சேர்றதுக்குள்ள எலைக்குள்ளாறவே வேர்த்து, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு, கறிச் சாறு அடில எறங்கி… அந்த ருசி சட்டிலேருந்து துன்னா வராது. நடக்கணும் அது.”

அண்ணன் திரும்பி வந்து வாசலில் நிற்பார். “வந்தாச்சா?” என்பாள், தெருக்கோடிக் கடைக்கு அனுப்பியவளைப் போல. “வந்தாச்சு” என்பார். இருவரும் திறந்த கதவுக்கு நேரே உட்கார்ந்து நூலை அவிழ்ப்பார்கள். போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்கலாம். பார்த்தார்கள்.

பொய் அவளுக்கு வராது. சிலருக்குப் பாட்டு வராது என்கிற மாதிரி. சோழவரத்தில் கார் ரேஸ் நடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. கண்டக்டர் அவளுடைய ஒயர் கூடையைப் பார்த்து, “இன்னாம்மா அதுல?” என்று கேட்டிருக்கிறார். “பன்னிக்கறி.” பக்கத்தில் நின்றவர்கள் முகம் சுளித்து ஒதுங்கினார்கள். ஒதுங்க இடமில்லாத பஸ்ஸில் ஒதுங்கினார்கள்! “கோழின்னு சொல்லித் தொலைக்கக் கூடாதாம்மா?” என்றாராம் கண்டக்டர், பாவம். “கோழி இல்லியே” என்றாளாம் இவள். கவரைப்பேட்டையில் இறக்கிவிட்டார்கள். அடுத்த பஸ் வந்தது. அந்தக் கண்டக்டரும் கேட்டார். அவரிடமும் பன்னிக்கறி என்றே சொல்லி, அதிலும் ஏற்றிக்கொள்ளாததால், வெயிலில் நடந்து வந்து சேர்ந்தாள். வந்ததும் கறியைத்தான் முகர்ந்து பார்த்தாள். “கெடல” என்றாள்.

இதில் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் டூரிங் டாக்கீஸ் விஷயத்தில் வரவில்லை. லைன் வீட்டுப் பெண்கள் நாங்கள் நாலைந்து பேர் மத்தியானம் படத்துக்குப் போவோம். ஊட்டுக்காரம்மா கேட்டால் கோயிலுக்கு என்போம். ஒருநாள் இவளையும் கூட்டிக்கொண்டு போனோம். திரும்பும்போது ஊட்டுக்காரம்மா எதிரில் வந்து, “கோயில்ல கூட்டமா?” என்று கேட்டார். “கோயிலா? நாங்க சினிமாவுக்குல்ல போய்ட்டு வரோம். நல்ல படம்மா, நீங்களும் ஒருநாள் வாங்க” என்றாள் அக்கா, முகமெல்லாம் பூரிப்பாக. அந்த வாரம் லைனில் பல வீடுகளில் புருஷன் பெண்டாட்டி சண்டை. நானே அவளோடு ரொம்ப நாள் பேசவில்லை. அவளுக்கு ஏன் என்றே புரியவில்லை. “படம் பாத்ததுல இன்னா கேடு?” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இப்போது மருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் பன்றிக்கறிக்கு ஒரு கொல்லைப்புற வழி உண்டு. மருந்து என்று சொன்னால் போதும். மூலச்சூட்டுக்கு நல்லது என்பார்கள். மருந்துக்குத் தின்றால் தீட்டில்லை, பேச்சில்லை. எத்தனை பெரிய மனிதர்களும் மூடிபோட்ட தூக்கில் வரவழைத்து, விளக்கைத் தள்ளிவைத்து, முகத்தைக் கசப்பாக வைத்துக்கொண்டு தின்னலாம். வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, ‘பன்னி துன்றவனுங்க’ என்று ஒரு சேரியையே ஒரே வார்த்தையில் தள்ளிவைக்கலாம். எங்கள் ஊட்டுக்காரர் அப்படித்தான். மேட்டுப்பக்கக் குடிசைக்காரர்கள் லைன் பம்பில் தண்ணீர் அடிக்க வந்தபோது, பன்னி துன்ற கை படக் கூடாது என்று பம்புப் பிடியில் சங்கிலி போட்டவர். அம்மன் கோயில் கூழ் ஊற்றுவதற்கு அவர்தான் தலை. அவருக்கு மூலம். நாற்காலியில் அவர் உட்காருகிற விதத்திலேயே ஊருக்குத் தெரியும்.

முதல் தடவை நானும் அந்தக் கொல்லைப்புற வழியில்தான் போனேன். வாசனை தாங்கவில்லை.

“அக்கா, எனக்கு ஒடம்பு ஒரே சூடு. ஒரு வாய் பன்னிக்கறி துன்னா அடங்கும்னு எங்க பெரிம்மா சொல்லுவாங்க.”

“சூடா கீதா? எளநீ வாங்கிக் குடி.”

“மருந்துக்கு ஒரே ஒரு துண்டுக்கா…”

“என் ஊட்ல மருந்து கெடைக்காது. ஆஸ்பத்திரி கேட்டாண்ட கீது.”

நின்றேன். சட்டி சீறியது. வாயில் ஊறியதை விழுங்கினேன். “வாசன தாங்கலக்கா. ஆசையா கீது.”

“இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? குந்து.”

அன்றைக்கு அண்ணன் கையில் இரண்டு பார்சல் நடந்துபோய் வந்தது. நூலை அவிழ்த்தேன். ஆவி முகத்தில் அடித்தது. இலையின் பச்சை வாசனையும் புகையும் வெல்லமும் பூண்டும். வழுக்கிக்கொண்டு போகிற நூல், அதைத் துரத்திக்கொண்டு போகிற பல், நடுவில் கறியின் ஓரத்தில் கரிந்த ஒரு சின்ன இனிப்பு. பன்றி என்றால் நாறும் என்று பிறந்ததிலிருந்து சொல்லிக்கொடுத்தார்களே, யாராவது ஒருவர் முகர்ந்து பார்த்துச் சொன்னார்களா? என் கணவருக்குக் கொஞ்சம் கொண்டுபோனேன். அவர் கேள்வியே கேட்காமல் இலையைக்கூடத் துடைத்துத் தின்றார்.

அப்புறம் லைனில் பலரும் வந்தார்கள். மருந்துக்கு என்று வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். ஆசை என்று சொன்னவர்கள் வயிறு நிறையத் தின்றார்கள்.

ஒருநாள் ஊட்டுக்காரம்மா மூடித் தூக்கோடு வந்தார். பின்பக்கமாக வந்து, முந்தானைக்குள் தூக்கை மறைத்துக்கொண்டு நின்றார். நான் அங்கே மாவு தேய்த்துக்கொண்டிருந்தேன்.

“அவருக்கு ஒடம்பு சரியில்லம்மா. வைத்தியர் சொல்லிக்கீறாரு. மருந்துக்கு ரெண்டு துண்டு குடு. நூலெல்லாம் வேணாம்.”

“மருந்துக்கு நான் ஆக்கலியேம்மா.”

“அவரு கேட்டனுப்பினாருன்னு தெரிஞ்சுமா இல்லேன்ற?”

“அவரயே வரச் சொல்லுங்க. ஆசையா கீதுன்னு சொல்லட்டும். மொத பார்சல் அவருக்குத்தான்.”

ஊட்டுக்காரம்மா போனதும் எனக்கே பொறுக்கவில்லை. “நோவுல கீற மனுசன் அக்கா. ரெண்டு துண்டு குடுத்தா கொறஞ்சா பூடும்?”

அக்கா சட்டியை இறக்கி வைத்தாள். “நோவுக்கா நான் இல்லேன்றேன்? இன்னிக்கு இத்த துன்னுட்டு நாளைக்கு அந்தாளு பம்பாண்ட நின்னுக்கினு இன்னா பேசுவாரு? என் கையால குடுத்து, அவர் வாயால என்னயே திட்டு வாங்கணுமா? மேட்டு ஜனம் தண்ணி இல்லாம போவுதே, அதுங்க துன்றதும் இதேதான?”

நான் குனிந்து மீதி மாவைத் தேய்த்தேன்.

சில வாரம் கழித்து, ஊட்டுக்காரர் பொன்னேரிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊட்டுக்காரம்மா மறுபடியும் வந்தார். கையில் தூக்கு இல்லை. வாசல் வழியாகவே வந்து, நடு வீட்டில் நின்றார்.

“எனக்குத்தான் வேணும்” என்றார்.

“எதுக்கும்மா?” என்றாள் அக்கா. கேலியாக இல்லை.

அந்த அம்மா தரையைப் பார்த்தார். காது மடல் சிவந்தது. “ஆசையாத்தான் கீது. கட்டிக்கினு வந்த நாளாக் கொண்டு இது வேணும்னு வாயத் தொறந்து கேட்டதில்ல நான்.”

கதவோரத்து நிழலில் உட்கார்ந்து ஒரு முழுப் பார்சலையும் தின்றார். தின்னும்போது யாரையும் பார்க்கவில்லை. முடித்து, இலையை மடித்து, வாய் கொப்பளித்து, வெற்றிலை போட்டுக்கொண்டு எழுந்தார். நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. போய்விட்டார். அக்காவுக்கு அது உறுத்தியது. “புடிச்சுதோ இல்லியோ தெரிலியே” என்று சாயந்திரம் வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஊட்டுக்காரர் கேட்டும் கிடைக்காத மருந்து அவர் மானத்தில் குத்திக்கொண்டே இருந்திருக்க வேண்டும். ஆடி பிறப்பதற்கு முன்பு லைனில் சொல்லி அனுப்பினார்: கோயில் பக்கத்து வீடுகளில் பன்றி ஆக்கக் கூடாது, ஆக்கினால் காலி செய்ய வேண்டும். அக்கா, “காப்பு கட்டின நாள்ல எல்லாம் நான் ஆக்கறதே இல்லியே” என்றாள். உண்மை அது. உண்மையை யார் கேட்டார்கள்?

அவள் ஆக்குவதை நிறுத்தாததால் பம்படியில் கூடினார்கள். ஊட்டுக்காரர் நாற்காலியில், ஒரு பக்கமாகச் சாய்ந்து. அவருக்குப் பின்னால் ஊட்டுக்காரம்மா. லைன் ஆண்கள் நின்றார்கள், பெண்கள் அவரவர் வாசலில். மில்லில் ஃபோர்மேனாக இருந்த ஒருவர், லைனுக்குப் பெரிய மனிதர், சமாதானம் பேசினார்.

“யாருக்கும் மனக்கஷ்டம் வேணாம். இத பாரும்மா, நீ ஒரே ஒரு வார்த்த சொல்டு. எம் புருசனுக்கு மூலம், அதுக்கு மருந்தாத்தான் ஆக்கறோம்னு சொல்டு. மருந்துன்னா சாமிகூட கோச்சுக்காது. அப்பால நீ வாரா வாரம் ஆக்கிக்கோ, கேக்க நாதி இல்ல. இன்னாங்கய்யா?”

ஊட்டுக்காரர் தலையை ஆட்டினார். ஆட்டினாரே! மூலக்காரர், நாற்காலியில் உட்கார முடியாமல் நெளிந்துகொண்டு, இன்னொருவருக்கு மூலம் என்றால் மன்னித்துவிடுகிறேன் என்று தலையை ஆட்டினார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அண்ணன் எழுந்தார். வெல்டிங் பொறி பட்டு ஓட்டை விழுந்த சட்டை. கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்:

“ஆமாங்க. எனக்கு மூலம் கீதுங்க. ரொம்ப நாளா கீதுங்க.”

எல்லோருக்கும் மூச்சு வந்தது. ஃபோர்மேன், “அவ்ளோதாம்ப்பா, முடிஞ்சிச்சு” என்று துண்டை உதறினார். அப்போது அக்கா வாசலிலிருந்து இறங்கி வந்தாள்.

“இந்தாய்யா, உனக்கு இன்னா மூலம்? நல்லா கீற மனுசன் ஏன் சீக்க இஸ்து மேல போட்டுக்கற?” பிறகு எல்லோரையும் பார்த்து, “அவருக்கு ஒரு நோவும் இல்லீங்க. நல்லாத்தான் கீறாரு” என்றாள்.

“அப்போ எதுக்குத்தாம்மா அந்தக் கருமத்தத் துன்றீங்க?” என்றார் ஊட்டுக்காரர்.

“நல்லா கீது. அதனால துன்றோம்.”

அவ்வளவுதான். குரலை உயர்த்தக்கூட இல்லை. நேரம் கேட்டவருக்கு நேரம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

“நானும் துன்னேன். மருந்துக்கு இல்ல, ஆசைக்குத்தான்” என்று நான் கத்தினேன். ஃபோர்மேன் என் கணவரைப் பார்த்து, “இன்னாப்பா, பொம்பளைய பேசவுட்டு வேடிக்க பாத்துக்கினு கீற?” என்றார். “அவ சொல்றது நெசம்தாண்ணே. நானுந்தான் துன்னேன்” என்றார் அவர். மற்ற வாசல்களைப் பார்த்தேன். ஒவ்வொரு ஞாயிறும் இலை நக்கியவர்கள் நின்றிருந்தார்கள். ஒருத்தி தன் பிள்ளையின் தலையில் பேன் தேடினாள். ஒருத்தி, சினிமாக் கோபம் இன்னும் ஆறாதவள், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஊட்டுக்காரர் பின்னால் நின்ற அம்மா எங்கோ ரயில் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதைக் கேளுங்கள்: எங்களைக் காலி செய்யச் சொல்லவில்லை. நாங்களும் தின்றோம் என்று ஊரறியச் சொன்னோம், எங்களை ஒருவரும் தொடவில்லை. எனக்குப் பொதட்டூர்பேட்டையில் அண்ணன் தம்பிகள் இருந்தார்கள், கேட்க வருவார்கள். அவளுக்கு யார் இருந்தார்கள்? கப்பலில் வந்தவளைக் கிளப்புவது சுலபம். ஏற்கெனவே கிளம்பிப் பழகியவள்தானே என்று நினைத்துவிட்டார்கள். அந்த மாதத்தோடு வீட்டைவிட வேண்டும் என்று முடிவானது.

அன்று மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் அழுதார். அவர் அழுது நான் கேட்டதில்லை.

“ஒரு பொய்தானடி? மழ வந்தா எங்க போவ? மறுபடியும் அந்த ஓலைக்குள்ளாற போய் குந்தணுமா? இந்தத் தரைய நீ எத்தினி ஆசையா வச்சிக்கினு கீற…”

“ஒரு பொய் இல்லய்யா. வாரா வாரம் சொல்லணும் அத்த. உன்ன சீக்காளியாக்கிட்டு அந்தச் சோத்த நான் எப்டி முழுங்குவேன்?” பிறகு அவளே, “அங்க எல்லாத்தயும் புடுங்கிக்கினு அனுப்ச்சாங்க. நாக்க மட்டும் வுட்டாங்க. இங்க வந்து அதுக்குச் சீக்குனு பேர் வைக்கணுமா?” என்றாள். பிறகு தரை தேய்க்கிற சத்தம் கேட்டது. விடப்போகிற வீட்டின் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

புறப்பட்ட அன்று தூறல். டயர் வண்டியில் இரண்டு பெட்டி, பாய், இரும்புச் சட்டி. செங்குன்றத்துக்கு அந்தப் பக்கம் பர்மாக்காரர்கள் குடிசை போட்டிருந்த இடத்துக்குப் போகிறார்கள். அங்கிருந்து அண்ணன் மில்லுக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டும். லைன் முழுக்க வாசலில் நின்று பார்த்தது. பார்க்க மட்டும் எல்லோரும் வந்துவிடுகிறார்கள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வண்டிவரை நடந்தேன். அவள், “அப்பளக்காரம் கொஞ்சமாப் போடு, கூடினா சோப்பு நாத்தம் அடிக்கும்” என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

சாவி கொடுக்க வேண்டும். ஊட்டுக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையை நீட்டினார். அக்கா அவரைத் தாண்டிப்போய், கதவுக்குள் நின்ற ஊட்டுக்காரம்மாவின் கையில் சாவியை வைத்தாள்.

“போய்ட்டு வரேம்மா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும், மனசுலயே கீது. அன்னிக்கு வந்து சாப்ட்டீங்களே, நல்லா இருந்துச்சா இல்லியா? நீங்க சொல்லவே இல்ல.”

அடிப்பாவி, போகிறபோதும் இப்படியா? அந்த அம்மா உன்னை என்ன செய்தார்? அந்த வீட்டில் அவர் இனியும் வாழ வேண்டாமா? ஊட்டுக்காரர் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். லைன் முழுவதும் பார்த்தது. அக்காவின் முகத்தில் சூது ஒன்றுமில்லை. சமைத்தவள் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டாள், பதிலுக்காக நின்றாள்.

ஊட்டுக்காரம்மா சாவியைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். முந்தானையால் மூடியிருந்த வாயைத் திறந்து, அத்தனை வருடமும் அந்தத் தெரு கேட்டிராத குரலில், வண்டிக்காரன்கூடத் திரும்பிப் பார்க்கும்படி சொன்னார்:

“ரொம்ப நல்லா இருந்துச்சுமா. உப்பு மட்டும் ஒரு கல்லு தூக்கல்.”